பூமிக்கடியில் ஒரு கேள்வி

(ஜலகண்டாபுரத்தில் நெசவாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று நம்மை அழைத்தீர்கள். கூட்டம் ஆரம்பமாகும் முன்பு, வாசலில் நின்ற வயதான நெசவாளத் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: “அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது, ஆகாயத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்களாமே, அதனால் நூல் விலை குறையுமா?” கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. ஆராய்ச்சிக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் உழைக்கிற மக்களின் பணம். அதை எதற்குச் செலவிடுகிறார்கள் என்று கேட்பதற்கு மக்களுக்குப் பூரண உரிமை உண்டு. நம்முடைய பேச்சு முழுவதும் அந்தத் தோழருக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

இன்று உலகத்து விஞ்ஞானிகள் விடை காணாமல் தவிக்கும் கேள்விகள் பல. பிரபஞ்சத்திலுள்ள எல்லாவற்றையும் எடை போட்டால், நாம் அறிந்த அணுக்களால் ஆன பொருள் நூற்றுக்கு 5 பங்குதான். சுமார் 27 பங்கு கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத ‘இருண்ட பொருள்’. மீதி 68 பங்கு, பிரபஞ்சத்தை மேலும் மேலும் வேகமாக விரியச் செய்யும் ‘இருண்ட சக்தி’. இவை என்னவென்று இன்று எவருக்கும் தெரியாது. நூற்றுக்கு 95 பங்கு தெரியாத வீட்டில்தான் நாமெல்லாம் குடியிருக்கிறோம்!

எல்லாவற்றையும் ஒரே மாலையில் பேச முடியாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக் கொள்வோம். அதைத் தேடிய கதையில் தமிழ் உழைப்பாளிகளின் வியர்வை கலந்திருக்கிறது. அந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நமது தேனி ஜில்லாவில் பாதியில் நின்று போயிருக்கிறது. அந்தப் பொருளின் பெயர் நியூட்ரினோ.

யாரும் காணாத மழை

உங்கள் கைக்கட்டை விரலின் நகத்தைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் இருக்கும். சூரியனிலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள், ஒவ்வொரு வினாடியும் சுமார் 6,500 கோடி, அந்த நகத்தின் வழியே புகுந்து மறுபக்கம் போய்க் கொண்டிருக்கின்றன. பகலில் தலை வழியே புகுந்து கால் வழியே போகின்றன. இரவில் பூமியையே துளைத்துக் கொண்டு கீழிருந்து மேலே வருகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? அவை எதனோடும் ஒட்டுவதில்லை, உரசுவதில்லை. கோடானு கோடியில் ஒன்றுதான் எப்போதாவது ஓர் அணுவின் மீது மோதுகிறது.

இப்படி ஒரு துகள் இருக்க வேண்டுமென்று 1930-ல் பௌலி என்ற விஞ்ஞானி ஊகித்தார். சில அணுக்கள் சிதையும்போது கணக்கில் கொஞ்சம் சக்தி காணாமல் போயிற்று. கணக்குப் பிள்ளை கள்ளக் கணக்கு எழுதவில்லை என்றால், யாரோ கண்ணுக்குத் தெரியாமல் அதை எடுத்துப் போகிறார்கள் என்றுதானே பொருள்? ஊகம் நிரூபணமாவதற்கு 26 ஆண்டுகள் பிடித்தன. 1956-ல் அமெரிக்காவில் ரெயின்ஸ், கோவன் என்ற இருவர், அணு உலை ஒன்றின் அருகில் கருவி வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். அது மனிதன் மூட்டிய உலையில் பிறந்த நியூட்ரினோ. இயற்கையாகவே நம்மீது பொழியும் நியூட்ரினோவை யார் பிடித்தார்கள்? இங்கேதான் கோலார் வருகிறது.

தங்கம் தோண்டிய குழி

கோலார் தங்க வயலைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் வட ஜில்லாக்களில் இருக்க முடியாது. 1880-களிலிருந்து ஜான் டெய்லர் என்ற ஆங்கிலக் கம்பெனி அங்கே தங்கம் தோண்டியது. வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து நிலமற்றவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஏழைகள், பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். குழி ஆழமாகிக் கொண்டே போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறைகள் வெடித்துச் சிதறும். தூசியைச் சுவாசித்து நுரையீரல் கல்லாகும். 1930-ல், விரல் ரேகை பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். தங்கம் இங்கிலாந்துக்குப் போயிற்று. குழி இங்கே மிஞ்சியது.

அந்தக் குழிதான் விஞ்ஞானத்திற்குப் பயன்பட்டது! எப்படி?

ஆகாயத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியின் மீது விழுகின்றன. அவை காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. மியூவான்கள் உங்கள் உள்ளங்கையில் வினாடிக்கு ஒன்றாவது விழுந்து கொண்டிருக்கும். நியூட்ரினோ எப்போதோ ஒரு தடவை எழுப்பும் மெல்லிய சத்தத்தை இந்த மியூவான் இரைச்சல் அமுக்கி விடுகிறது. நூறு விசைத்தறிகள் ஓடும் கொட்டகையில் ஒரு குண்டூசி விழும் சத்தத்தைக் கேட்க முடியுமா? என்ன செய்வது? தறிகளை நிறுத்த முடியாது. சத்தம் எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். பூமிக்கடியில் இறங்கினால் பாறை மியூவான்களைத் தடுத்து விடும். நியூட்ரினோவை எந்தப் பாறையும் தடுக்காது.

பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 1950-களின் தொடக்கத்திலிருந்தே கோலார் சுரங்கத்தில் இறங்கி, ஒவ்வோர் ஆழத்திலும் மியூவான்களை எண்ணினார்கள். எண்ணிக்கை குறைந்து கொண்டே வந்தது. பிறகு மேலும் ஆழத்தில் கருவியை வைத்தபோது, வாரக் கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான் கூட வரவில்லை. வேறு யாராவது என்றால் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று திரும்பியிருப்பார்கள். அவர்கள் மகிழ்ச்சி அடைந்தார்கள். தாங்கள் தேடிய நிசப்தம் இதுதான் என்று கண்டு கொண்டார்கள்.

எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம், பி.வி. ரமணமூர்த்தி ஆகியோரும், இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலை, ஜப்பானின் ஒசாகா நகர சர்வகலாசாலை விஞ்ஞானிகளும் சேர்ந்து, பூமிக்கு 2.3 கிலோ மீட்டர் கீழே கருவிகளைச் சுவர் போல எழுப்பினார்கள். ஏன் சுவர் போல? மேலேயிருந்து தப்பி வரும் மியூவான் ஏறக்குறைய நேர் செங்குத்தாகத்தான் வர முடியும். சாய்வாக வந்தால் கடக்க வேண்டிய பாறை பல மடங்கு கூடிவிடும். ஆகவே பக்கவாட்டில் குறுக்கே பாய்ந்து வரும் மியூவான் ஆகாயத்திலிருந்து நேரே வந்ததாக இருக்க முடியாது. நியூட்ரினோ ஒன்று அருகிலிருந்த பாறையில் மோதிப் பிறப்பித்ததாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு எளிமையான யுக்தி!

1965-ல் குறுக்கே பாயும் அந்தத் தடம் கிடைத்தது. ஆகஸ்ட் மாதம் அந்தச் செய்தி வெளியாயிற்று. அதே மாதம், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெயின்ஸின் குழு கண்ட தடமும் வெளியாயிற்று. வளிமண்டலத்தில் இயற்கையாகப் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டவர்கள் இந்த இரு குழுவினர்தான். இரண்டும் தங்கச் சுரங்கங்கள். இரண்டு இடத்திலும் குழி தோண்டியவர்கள் நிறத்தாலும் சாதியாலும் மிதிக்கப்பட்ட உழைப்பாளிகள்!

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன. இருக்க வேண்டியதுதான். அவர்களும் அந்த வெப்பத்தில் இறங்கி உழைத்தவர்கள்தான். ஆனால் அந்தக் குழியை அங்குலம் அங்குலமாக வெட்டியவர்கள், சாரம் கட்டியவர்கள், கூண்டை இறக்கியவர்கள், இவர்களுடைய பெயர் எந்தக் கட்டுரையில் வரும்? விஞ்ஞானம் தனி மனிதர்களின் மூளையில் மட்டும் பிறப்பதல்ல. பல தலைமுறை உழைப்பின் தோள் மீது ஏறி நின்றுதான் அது பார்க்கிறது.

மூன்று தறிகளின் தாளம்

கோலாரில் பிடிபட்ட அந்த வகை நியூட்ரினோதான் பின்னால் பௌதிக சாஸ்திரத்தையே உலுக்கியது. நியூட்ரினோவில் மூன்று ஜாதி உண்டு. அவற்றுக்கு எடையே கிடையாது என்று வெகு காலம் நம்பியிருந்தார்கள். ஜப்பானில் காமியோகா என்ற இடத்தில், மலைக்கு 1,000 மீட்டர் அடியில், 50,000 டன் தண்ணீர் நிரப்பிய தொட்டியை வைத்துப் பார்த்தார்கள். மேலேயிருந்து வரும் நியூட்ரினோவும், பூமியின் மறுபக்கத்தில் பிறந்து கீழேயிருந்து வரும் நியூட்ரினோவும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஆனால் ஒரு ஜாதி மட்டும் கீழேயிருந்து குறைவாக வந்தது. வழியில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஜாதி மாறி விட்டது! 1998-ல் இதை அறிவித்தார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவும் இவ்வாறே மாறுகிறது என்று 2001, 2002-ல் கனடாவிலிருந்த குழு காட்டியது. இவற்றுக்காக 2015-ல் கஜிதா, மெக்டொனால்ட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஜாதி மாறுவதற்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? தறி தெரிந்த உங்களுக்கு இது எளிதில் புரியும். மூன்று விசைத்தறிகளை ஒரே கணத்தில் ஓட்டி விடுகிறோம். மூன்றும் ஒரே வேகமானால் நாள் முழுவதும் ‘டக் டக்’ என்று ஒரே தாளம்தான் கேட்கும். வேகத்தில் சிறு வித்தியாசம் இருந்தால்? கொஞ்ச நேரத்தில் தாளம் பிரியும், மறுபடி சேரும், மறுபடி பிரியும். குவாண்டம் கொள்கைப்படி ஒவ்வொரு நியூட்ரினோவும் இப்படி மூன்று அலைகள் கலந்த கலவை. அலைகளின் எடை வேறு வேறாக இருந்தால் மட்டுமே தாளம் மாறும், ஜாதி மாறும். ஆகவே ஜாதி மாறுவதே எடை உண்டு என்பதற்குச் சாட்சி.

இன்றுள்ள கேள்விகள் என்ன? முதலாவது, அந்த எடை எவ்வளவு? ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்துப் பரிசோதனை 2025-ல் வெளியிட்ட முடிவுப்படி, அது எலெக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு அற்பமாக ஏன் இருக்கிறது? இரண்டாவது, மூன்று எடைகளில் இரண்டு நெருங்கியிருக்கின்றன, ஒன்று தள்ளியிருக்கிறது. தள்ளியிருப்பது மற்றவற்றை விடக் கனமானதா, லேசானதா? மூன்றாவது, ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்திருந்தால் ஒன்றையொன்று அழித்துக் கொண்டிருக்குமே! பொருள் மட்டும் எப்படி மிஞ்சியது? நாமும் நமது மேட்டூர் மலைகளும் எப்படி மிஞ்சினோம்? இந்தக் கணக்கின் விடை நியூட்ரினோவிடம் இருக்கலாமென்று பலர் கருதுகிறார்கள்.

கோலாரில் இன்னொரு கேள்வியையும் தொடுத்தார்கள். அணுக்கருவிலுள்ள புரோட்டான் என்றாவது ஒரு நாள் தானே சிதையுமா? 1980-லிருந்து 140 டன் இரும்பை அடுக்கிக் காத்திருந்தார்கள். சிதைந்தது போலச் சில தடங்களைக் கண்டதாகவும் அறிவித்தார்கள். ஆனால் பிற்பாடு வந்த பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. இது தோல்வியல்ல. ஒருவர் கண்டதை மற்றவர் சோதித்து, உறுதியாகாததை ஒதுக்குவதுதான் விஞ்ஞானத்தின் நேர்மை.

2001-ல் கோலார் சுரங்கத்தை மூடினார்கள். ஆயிரக் கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன. தண்ணீர் இறைப்பது நின்றது, சுரங்கம் மூழ்கியது. உலகின் மிக ஆழமான ஆராய்ச்சிக் கூடங்களில் ஒன்றைக் கொண்டிருந்த நாடு அதை இழந்தது.

பொட்டிபுரத்தில் நடந்தது என்ன?

இழந்ததை வேறோர் இடத்தில் அமைக்க விஞ்ஞானிகள் முயன்றார்கள். முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடம். அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் இலாகா அனுமதி மறுத்தது. பிறகு தேனி ஜில்லாவில் பொட்டிபுரம் அருகே போடி மேற்கு மலையைத் தேர்ந்தார்கள். மலைக்குள் சுமார் 2 கிலோ மீட்டர் சுரங்கப் பாதை. மேலே ஒரு கிலோ மீட்டருக்கு மேல் பாறை. உள்ளே காந்தமேற்றிய 50,000 டன் இரும்புக் கருவி. கனமா லேசா என்ற அந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது அதன் முக்கிய நோக்கம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

மக்கள் எதிர்த்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-ல் மத்திய சர்க்கார் நிபந்தனைகளோடு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில், இந்த மலை புலிகள் நடமாடும் வழித்தடம் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டில் எதிர்ப்புத் தெரிவித்தது. திட்டம் நின்றது. மதுரையில் 85 டன் எடையில் ஒரு மாதிரிக் கருவிதான் 2018-லிருந்து இயங்கியது.

தோழர்களே! இந்த விஷயத்தில் நாம் யார் பக்கம் என்று கேட்பீர்கள். ஒளிவு மறைவில்லாமல் சொல்லி விடுவோம். அங்கே இரண்டு வித அச்சங்கள் இருந்தன. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததுதான் தவறு.

ஒன்று, நியூட்ரினோவால் கேடு வரும், அது கதிர்வீச்சு, பயிர் கருகும் என்ற அச்சம். இது ஆதாரமற்றது. கருவி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த மழை பொழிந்து கொண்டுதான் இருக்கிறது. ஆதாமின் காலத்திலிருந்து மனிதன் அதில்தான் நனைகிறான். மழையை அளக்க வாசலில் பாத்திரம் வைத்தால் மழை அதிகமாகி விடுமா? இந்த அச்சத்தைத் தெரிந்தும் வளர்ப்பது மக்களுக்குச் செய்யும் சேவையல்ல. அறியாமையின் மீது எந்த நல்ல இயக்கத்தையும் கட்ட முடியாது.

மற்றது, வெடி வைத்து மலையைக் குடைந்தால் என்ன ஆகும்? லட்சக் கணக்கான டன் கல்லை எங்கே கொட்டுவார்கள்? ஊற்றுக்கண் வற்றுமா? ஆடு மாடு மேய்க்கும் வழி அடைபடுமா? காட்டுக்கும் விலங்குக்கும் என்ன கதி? இது அறியாமையல்ல! தண்ணீரை நம்பி வாழும் விவசாயி கேட்கும் நியாயமான கேள்வி. ‘நாட்டின் பெருமை’ என்று சொல்லி இதை வாயடைத்து விட முடியாது. நாட்டின் பெருமைக்காக வாய் மூடி இருக்கச் சொன்னபோதெல்லாம் ஏழைகள்தான் இழந்திருக்கிறார்கள். கோலாரில் நுரையீரல் கல்லான உழைப்பாளியைக் கேளுங்கள், சொல்வான்.

அப்படியானால் வழி என்ன? மந்திரி சபை முடிவெடுத்த பிறகு கிராமத்துக்கு வந்து விளக்குவதல்ல வழி. முடிவெடுக்கும் முன்பே, தமிழில், தெருவில், சாவடியில் உட்கார்ந்து, மக்கள் கேட்கும் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு தொடங்குவதே வழி. மக்கள் நம்பாத ஆராய்ச்சிக்கூடம் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் அதற்கு அஸ்திவாரம் இல்லை.

இதற்கிடையில் உலகம் நிற்கவில்லை. சீனாவில் குவாங்தோங் மாகாணத்தில், 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் ஒளிரும் திரவம் நிரப்பிய கருவி 2025 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. நாம் கேட்ட அதே கேள்விக்கு அது விடை தேடுகிறது. விடையை முதலில் காணும் பெருமை எவருக்குப் போனாலும் நமக்குப் பொறாமையில்லை. உண்மை சகல மனித குலத்துக்கும் சொந்தம். ஆனால் 1965-ல் முன்வரிசையில் நின்ற நாடு இன்று வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது ஏன் என்ற கேள்வி நம்மை உறுத்த வேண்டும். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், இருண்ட பொருளைத் தேட 2017-ல் ஒரு சிறு கூடம் திறந்தார்கள். வேலை செய்யும் சுரங்கத்தின் உள்ளேயே, புது மலை குடையாமல் அமைத்த கூடம் அது. கோலார் காட்டிய பாதையும் அதுவேதான்.

நூல் விலை குறையுமா?

இப்போது வாசலில் நின்ற தோழரின் கேள்விக்கு வருவோம். நியூட்ரினோவால் நூல் விலை குறையாது. குறையும் என்று சொன்னால் நாம் பொய்யர்கள். நூல் விலையைத் தீர்மானிப்பது பஞ்சு வியாபாரமும் சர்க்கார் கொள்கையும். அதற்கு வேறு போராட்டம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1920-களில் சில இளைஞர்கள் அணுவுக்குள் எலெக்ட்ரான் எப்படி நடக்கிறது என்று மண்டையை உடைத்துக் கொண்டார்கள். அதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அன்றும் கேட்டிருப்பார்கள். அந்தக் குவாண்டம் கொள்கையிலிருந்து 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசிக்குள் அது கோடிக் கணக்கில் இருக்கிறது. நியூட்ரினோவிலிருந்தும் அப்படி ஒன்று பிறக்குமென்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. பிறக்காமலும் போகலாம். அப்போதும் அந்த ஆராய்ச்சி வீணல்ல.

ஏன்? மனிதன் வயிறு மட்டுமல்ல. தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி வெறும் துணிக்காகவா கரைக்குப் பூ வைக்கிறான்? மானம் மறைக்க வெள்ளைத் துணி போதுமே! உழைப்பவனுக்கு அழகு வேண்டும், அறிவு வேண்டும், தான் நிற்கும் உலகம் எதனால் ஆனது என்று தெரிந்து கொள்ளும் உரிமை வேண்டும். அந்த அறிவு பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்று விட்டு விடுவதற்குத்தானா கோலாரில் நம்மவர்கள் அந்தக் குழியை வெட்டினார்கள்?

இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் சிறுவர் சிறுமியர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாவு ஓடும் தெருவில் வளரும் பிள்ளைகள். அறுந்த இழையை ஆயிரம் இழைகளுக்கு நடுவே கண்டுபிடிக்கும் கண் அவர்களுக்கு உண்டு. கோடியில் ஒரு தடத்தைத் தேடும் விஞ்ஞானிக்கு வேண்டியதும் அதே கண்தான். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நல்ல சோதனைச்சாலை கேளுங்கள். தமிழில் நல்ல விஞ்ஞானப் புத்தகம் கேளுங்கள். ஆசிரியர் காலியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். நூலுக்குக் கேட்பது போலவே இதற்கும் சேர்ந்து நின்று கேளுங்கள்.

அடுத்த முறை ஏதோ ஒரு மலையடிவாரத்துக்கு விஞ்ஞானிகள் வரும்போது, அவர்களில் ஒருவர் இந்தத் தெருவிலிருந்து போனவராக இருக்கட்டும். எதிரே நின்று கேள்வி கேட்கும் கிராமத்தாரின் பாஷையும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். அன்றைக்குப் பொட்டிபுரத்தில் நடந்தது போல நடக்காது.

இனி நீங்கள் கேளுங்கள்.